ஓட்டையை அடைக்கப் போய் முடங்கிய தளங்கள்: ‘ரியாக்ட்’ பிழை நம்ம போன் வரை வந்தது எப்படி?

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை மதியம் 2.17 மணி. பங்குச்சந்தை முடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. திடீரென ஜெரோதா, குரோ போன்ற வர்த்தக ஆப்கள் வேலை செய்யவில்லை. கையில் இருக்கும் பங்கை விற்கவும் முடியல, புதிதாக வாங்கவும் முடியல. கேன்வா உட்பட வேறு பல தளங்களும் அதே நேரத்தில் திணறின.

நெட் பிரச்சனையா, போன் பிரச்சனையா, யாராவது ஹேக் செய்துவிட்டார்களா என்று பலரும் குழம்பிப் போனார்கள். மூன்றுமே இல்லை. வெப்சைட் உருவாக்கப் பயன்படும் ‘ரியாக்ட்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் இரண்டு நாள் முன்பு ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. அதிலிருந்து தளங்களைக் காப்பாற்ற நடந்த வேலையில் ஏற்பட்ட சறுக்கல்தான் காரணம். என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ரியாக்ட் என்றால் என்ன?

ஒரு வெப்சைட்டில் பட்டனை அழுத்தினால் மெனு விரிகிறது, லைக் போட்டால் எண்ணிக்கை கூடுகிறது. இந்த வேலைகளைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் மொழி. அதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதாமல் இருக்க ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கிய கருவிதான் ரியாக்ட். 2013-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று உலகில் அதிகம் பயன்படும் வெப் கருவிகளில் இதுவும் ஒன்று. ரியாக்டை வைத்து முழுத் தளத்தையும் கட்ட உதவுவது ‘நெக்ஸ்ட் ஜேஎஸ்’ என்ற இன்னொரு கருவி.

ஓட்டை எங்கே இருந்தது?

ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் உட்காரும் ஹால்தான் பிரவுசர். சமையல்கட்டுதான் சர்வர். ரியாக்ட் பல வருடங்களாக முக்கியமாக ஹாலில்தான் வேலை பார்த்தது. தளங்கள் இன்னும் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ‘சர்வர் காம்போனென்ட்ஸ்’ என்ற வசதியோடு சமையல்கட்டுக்குள்ளும் நுழைந்தது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19-ல் அந்த வசதி முழுமையாக இடம்பெற்றது.

பிரச்சனை அங்கேதான். ஹாலிலிருந்து வரும் ஆர்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகச் சரிபார்க்காமல், சமையல்கட்டு அதை அப்படியே நிறைவேற்றினால் என்ன ஆகும்? ‘கல்லாவைத் திறந்து கொடு’ என்று யாராவது எழுதி அனுப்பினாலும் நடந்துவிடும். ரியாக்டிலும் கிட்டத்தட்ட அதுதான் நிலைமை. பாஸ்வேர்டு வேண்டாம், லாகின் வேண்டாம். தந்திரமாகத் தயாரித்த ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பி, வெளியாள் ஒருவர் சர்வரில் தன் கட்டளைகளை ஓடவிட முடியும்.

நவம்பர் 29-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்து மெட்டாவுக்குத் தெரிவித்தார். டிசம்பர் 3-ல் சரிசெய்யப்பட்ட பதிப்புகளோடு விஷயம் பகிரங்கமானது. சிவிஇ-2025-55182 என்ற எண் கொண்ட இந்தப் பிழைக்குக் கொடுக்கப்பட்ட ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. ‘ரியாக்ட்2ஷெல்’ என்ற பட்டப்பெயரும் வந்தது.

அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே, சீனாவுடன் தொடர்புடைய குழுக்கள் இதைப் பயன்படுத்தித் தாக்க முயல்வதாக அமேசான் எச்சரித்தது. கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம்களைச் சர்வரில் நுழைப்பது, ரகசியச் சாவிகளைத் திருடுவது என்று அடுத்தடுத்து தகவல்கள் வந்தன.

ஆப்கள் முடங்கியது ஏன்?

இங்கேதான் கிளவுட்ஃப்ளேர் வருகிறது. ஏராளமான தளங்களுக்கு முன்னால் காவலாளி மாதிரி நின்று, வரும் கோரிக்கைகளைச் சோதித்து உள்ளே அனுப்பும் நிறுவனம் இது. ரியாக்ட் ஓட்டையைக் குறிவைக்கும் கோரிக்கைகளைப் பிடிக்க, ஒரே நேரத்தில் சோதிக்கும் தகவலின் அளவை 128 கேபியிலிருந்து 1 எம்பியாக உயர்த்தத் தொடங்கியது. அந்த அளவு அதன் உள் சோதனைக் கருவி ஒன்றுக்கு ஒத்துவரவில்லை. சரி, அந்தக் கருவியை அணைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அளவை உயர்த்தும் மாற்றம் படிப்படியாகத்தான் போனது. கருவியை அணைக்கும் உத்தரவோ சில விநாடிகளில் உலகம் முழுவதும் உள்ள சர்வர்களுக்குப் போய்விட்டது. பழைய மென்பொருளில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிழையை அது எழுப்பிவிட்டது. கிளவுட்ஃப்ளேர் கையாளும் இணையப் போக்குவரத்தில் சுமார் 28% பாதிக்கப்பட்டது. மாற்றத்தைத் திரும்பப் பெற்று, 2.42 மணிக்கு நிலைமையைச் சரிசெய்தார்கள். மொத்தம் 25 நிமிடம். இது சைபர் தாக்குதல் இல்லை என்று அந்நிறுவனமே விளக்கமும் அளித்தது. நவம்பர் 18-ல் இதைவிடப் பெரிய முடக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் இது நடந்தது.

அத்தோடு முடிந்ததா?

இல்லை. ரியாக்டின் அந்தப் பகுதியை ஆய்வாளர்கள் குடைந்து பார்த்ததில், டிசம்பர் 11-ல் மேலும் சில பிழைகள் வெளியே வந்தன. ஒன்று சர்வரைத் திணறடிக்கக்கூடியது, இன்னொன்று தளத்தின் நிரல் வரிகளைக் கசியவிடக்கூடியது. அதனால் முதல் வாரமே அப்டேட் செய்தவர்களும் மறுபடி அப்டேட் செய்ய வேண்டியதாயிற்று.

நாம் என்ன செய்யலாம்?

ஓட்டை இருந்தது சர்வரில். எனவே போனில் உள்ள பிரவுசரையோ ஆப்பையோ அழிக்கத் தேவையில்லை. பிரவுசரில் மட்டும் ரியாக்ட் ஓடும் தளங்களுக்கும் இந்தப் பிழையால் பாதிப்பு இல்லை.

கடை, பள்ளி, கிளினிக் என்று சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்கள், அதைச் செய்து கொடுத்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். “நம்ம சைட்டில் ரியாக்ட் 19 அல்லது நெக்ஸ்ட் ஜேஎஸ் இருக்கா? டிசம்பர் 11-க்குப் பிறகு வந்த அப்டேட் போட்டாச்சா?” தாமதமாக அப்டேட் செய்திருந்தால், சர்வரில் இருந்த பாஸ்வேர்டுகளையும் ரகசியச் சாவிகளையும் மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ளே புகுந்தவரை அப்டேட் மட்டும் வெளியேற்றிவிடாது.

வர்த்தக ஆப் நடுவில் நின்றுபோனால், பதற்றத்தில் அதே ஆர்டரைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். ஆப் இல்லாமல் விற்க உங்கள் புரோக்கர் என்ன மாற்று வழி வைத்திருக்கிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உலகமே சில பொதுவான கருவிகளையும் சில காவலாளி நிறுவனங்களையும் நம்பித்தான் ஓடுகிறது. அதனால் செலவும் நேரமும் மிச்சம்தான். ஆனால் அதில் ஒன்று தடுக்கினால் என்ன ஆகும் என்பதை, வெள்ளிக்கிழமை மதியம் பங்கை விற்க முடியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.