ஊர் ஆஸ்பத்திரிக்கு யார் பொறுப்பு?

அபிராமபுரத்தில் குடியிருப்பவர்களைப் பார்த்து, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேளுங்கள். பலர் வேறு ஓர் ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். ஒருவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இன்னொருவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். மாடி வீட்டுக்காரருக்கும் ஊர் உண்டு. அந்த வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாவுக்கும் ஊர் உண்டு. கார் ஓட்டுகிறவருக்கும் உண்டு.

அந்த ஊரில் வயதான தாய் இருக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு அவளுக்கு மூச்சு இரைக்கிறது. போன் வருகிறது. இங்கே இருக்கிற பிள்ளை என்ன செய்ய முடியும்? இங்கே தெருவுக்குத் தெரு டாக்டர் இருக்கிறார். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம்தான் கதி. அதற்குப் போகிற பாதையில் விளக்கு எரிகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? நர்சு தங்குவதற்கு நல்ல வீடு இருக்கிறதா? இதெல்லாம் அன்று ராத்திரி நம் வீட்டுக் கவலை ஆகிவிடுகிறது.

பட்டணத்து மக்களிடம் கிராமத்து ஆஸ்பத்திரியைப் பற்றி நாம் பேசுவது அதனால்தான்.

ஆற்றுக்கு அக்கரையில்

அபிராமபுரத்திலிருந்து தெற்கே போய், திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, இன்னும் கொஞ்ச தூரம் போனால் தரமணி வருகிறது. அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வி.எச்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய சங்கத்தின் ஆஸ்பத்திரி அது.

சஞ்சீவி பெரிய வைத்தியப் பேராசிரியர். அவர் ஒரு புது வழி சொன்னார். நோய் வந்த பிறகு பணத்துக்கு ஓட வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்பம் ஒரு சந்தா கட்டட்டும். வருமானம் அதிகம் உள்ளவர் அதிகம் கட்டட்டும். ஏழை கொஞ்சம் கட்டட்டும். நோய் வந்தால் எல்லோருக்கும் வைத்தியம் உண்டு. இதுதான் அவர் வகுத்த வழி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தர்மத்துக்கு வைத்தியம் வாங்குகிறவன் தலை குனிந்து நிற்கிறான். சிறு தொகையானாலும் சந்தா கட்டியவன், "டாக்டர் ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்கிறான். கேள்வி கேட்க ஆள் இருந்தால் ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கும்.

ஆஸ்பத்திரியைக் கட்டி வைத்துவிட்டு, நோயாளி வரட்டும் என்று சஞ்சீவி காத்திருக்கவில்லை. பரங்கிமலை வட்டாரத்துக் கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களை ஏற்படுத்தினார். சுமார் 5,000 பேருக்கு ஒரு நிலையம். டாக்டர் முழு நாளும் அங்கே இருக்க மாட்டார். குறித்த நேரத்தில் வந்து போவார். ஆணும் பெண்ணுமாகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போவார்கள். அந்த ஊர் ஆட்களுக்கே முதலுதவி கற்றுக் கொடுத்தார்கள். யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், யார் வீட்டில் இருமல் நிற்கவில்லை என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வெளியூர் அதிகாரிக்குத் தெரியுமா?

1970களில் சர்க்காரும் இதில் சேர்ந்தது. தொண்டு நிறுவனமும் சர்க்காரும் செலவைப் பகிர்ந்துகொண்டன. இன்று சமவெளியில் துணை சுகாதார நிலையத்துக்கு உள்ள கணக்கும் 5,000 பேருக்கு ஒன்று என்பதுதான். மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று.

மருந்து ஒரு கையில், குடிநீர் ஒரு கையில்

இப்போது ஒரு காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். ஊரில் டெங்கு பரவுகிறது. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் சுகாதாரத் துறையின் கையில். தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டியதும், தேங்காய் ஓட்டையும் பழைய டயரையும் அப்புறப்படுத்த வேண்டியதும் ஊராட்சி. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டியதும் ஊராட்சிதான். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தொட்டியில் ஏறிக் கழுவ முடியுமா? ஊராட்சித் தலைவர் எவ்வளவு நல்லவரானாலும் ஊசி போட முடியுமா? இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசாவிட்டால் காய்ச்சல் போகாது.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 விஷயங்களைப் பட்டியல் போட்டது. அதில் 23வது, ஆரம்ப சுகாதார நிலையம் உள்பட மக்கள் சுகாதாரம். 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சுகாதாரக் குழு வேண்டும் என்றது. ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை அந்தக் குழுவே முடிவு செய்து செலவிடலாம் என்றது. 15வது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, உள்ளாட்சிகள் மூலம் சுகாதாரத்துக்கென்று நாடு முழுவதற்கும் சுமார் 70,000 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது.

உங்கள் ஊர்க் குழு கடைசியாக எப்போது கூடியது? வந்த பணத்தில் என்ன வாங்கினார்கள்? ஊரில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். குழு இருப்பதையே அறியாதவர்கள் இருப்பார்கள்.

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1996இல் மக்கள் திட்டம் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டார்கள். 2017இல் ஆர்த்ரம் என்ற திட்டம் வந்தது. மாலை வேளையிலும் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குக் கூடுதல் டாக்டரைப் பல ஊராட்சிகள் தங்கள் பணத்திலேயே அமர்த்தின. கூலிக்காரன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போயிற்று. அந்தக் கஷ்டம் கோட்டையில் இருப்பவருக்கு முன் ஊராட்சிக்காரருக்குத் தெரியும்.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய நாடல்ல. கிராம சுகாதார செவிலியரை அறியாத தாய்மார் இங்கே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய் மாத்திரையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் வீட்டுக்கே வந்தன. கொண்டுவந்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஊர்க்காரர் கையால் நடக்கிற வைத்தியத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆனால் நமது குறையையும் சொல்ல வேண்டும். இங்கே வைத்தியம் இலாகாவின் வேலை என்றே ஊராட்சிகள் ஒதுங்கிப் பழகிவிட்டன. ஊராட்சிகளுக்குத் தேர்தலும் ஒழுங்காக நடப்பதில்லை. 2016 முதல் 2019 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் பாவம், பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர். துணை சுகாதார நிலையத்தின் ஒழுகுகிற கூரை அவர் கண்ணில் எப்போது படும்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஊராட்சிக்கு அதிகாரம் கொடுத்தால் தலைவர் நர்சை அதட்டுவார் என்கிறார்கள். சில இடங்களில் அப்படியும் நடக்கலாம். தன் தெருவுக்கு மட்டும் வா, எதிர்க்கட்சித் தெருவுக்குப் போகாதே என்றுகூடச் சொல்வார் உண்டு. அதற்காகத்தான் நர்சின் சம்பளமும் இடமாறுதலும் துறையிடமே இருக்க வேண்டும் என்கிறோம். கட்டடம், தண்ணீர், விளக்கு, வேலி, துப்புரவு, நோயாளி உட்காரும் பெஞ்சு ஆகியவை ஊராட்சியிடம் இருக்கட்டும். கணக்கு ஊர் முன்னால் வாசிக்கப்படட்டும்.

பட்டணத்தில் வசதியாக இருப்பவர்கள் ஊருக்குத் தர்மம் செய்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் யாரையும் கேட்காமல் ஒரு மிஷினை வாங்கி அனுப்பி, அதன்மேல் தாத்தா பெயரைப் பெரிதாக எழுதி வைத்தால் என்ன பயன்? அதை ஓட்டத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது மூலையில் தூசி படிந்து கிடக்கும். அனுப்புமுன் அங்கே இருக்கிற நர்சம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள். "பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு வெந்நீர் இல்லை" என்று அவர் சொல்லக்கூடும். அந்தச் செலவு மிஷினில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும் என்று 2022இல் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். ஊரில் ஓட்டு உள்ளவர்தான் அதில் பேச முடியும். அபிராமபுரத்தில் ஓட்டுள்ளவருக்கு அங்கே உரிமை இல்லை. ஆனால் அண்ணன் இருப்பார், சித்தி இருப்பாள். அடுத்த கூட்டத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் எழுந்து நின்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சுகாதாரக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? இந்த ஆண்டுப் பணம் என்ன ஆயிற்று? குடிநீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதி? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும்.