அடைபட்டவள் பக்கத்துக் கதை

மனத்தின் இருட்டறைகளைத் திறந்து காட்டும் கதைகளில் நமக்கு எப்போதும் ஒரு மோகம் உண்டு. ஒருத்தியின்மேல் பித்துக்கொண்ட ஒருவன், அவளைத் தூக்கிச் சென்று, மனித சஞ்சாரமற்ற ஓர் இடத்தில் அடைத்து வைத்து, தன் பிரேமையை அவள் உணர்ந்துகொள்ளும் நாளுக்காகக் காத்திருக்கிறான் என்கிற கதைப்போக்கைத் தமிழ் ரசிகர்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அலுக்காமல் பார்த்து வருகிறார்கள். இத்தகைய படங்களை எடுக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயமன்று; கலைக்கு வெளிச்சம் எவ்வளவு உரியதோ இருட்டும் அவ்வளவு உரியதே. என் ஆட்சேபம் வேறு. கதவுக்கு வெளியே சாவியோடு நிற்கிறவனின் சித்தத்தை அணு அணுவாக ஆராய்கிற நாம், கதவுக்கு உள்ளே இருக்கிறவளின் சித்தத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்தப் பாராமுகம் திரையோடு நின்றுவிடாமல் நம் வீடுகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் வந்து சேர்ந்து, தொல்லைக்கு ஆளான பெண்ணையே அடைத்து வைப்பது என்னும் விபரீத நியாயத்தில் கொண்டுபோய் விடுகிறது.

திரையிலிருந்தே தொடங்குவோம். 1980-இல் பாலு மகேந்திரா இயக்கிய ‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன், ஷோபாவை உதகமண்டலத்துக் குளிரில் ஒரு தனி வீட்டில் சிறை வைக்கிறார். 1991 தீபாவளிக்கு வந்த, சந்தான பாரதி இயக்கிய ‘குணா’வில் கமல்ஹாசன், தன் கற்பனையில் வாழும் அபிராமியாக ஒரு பெண்ணைப் பாவித்து, அவளைக் கடத்திக்கொண்டு கொடைக்கானல் மலைக்குப் போகிறார். 2003-இல் செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ படத்தில், கொடுமைகளுக்கிடையே வளர்ந்த ஓர் அநாதை இளைஞன், தன்னிடம் பரிவு காட்டிய தோழியை ஊருக்கு அப்பால் மறைத்து வைக்கிறான். மூன்றும் திறமையான படங்கள். மூன்றிலும் நடிப்பும் ஒளிப்பதிவும் சங்கீதமும் உயர்ந்த தரத்தவை. ஆனால் மூன்றிலும் அடைத்து வைத்தவனுக்குத்தான் பால்யம் உண்டு, காயங்கள் உண்டு, பாட்டு உண்டு. அடைபட்டவளுக்கோ அச்சம் ஒன்றுதான் உண்டு, அதுவும் போகப்போக இரக்கமாகவோ காதலாகவோ கனிந்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சம்பிரதாயம். ‘குணா’வுக்கு முன்பு ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர்களால் அழைக்கப்பட்ட கொடைக்கானல் குகை, படம் வந்தபின் ‘குணா குகை’ ஆயிற்று. அதன் வாசலில் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் உல்லாசப் பயணிகளில் எத்தனை பேருக்கு, அங்கே இழுத்துச் செல்லப்பட்ட பெண்ணின் பெயர் நினைவிருக்கிறது?

இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு நிர்ப்பந்தமும் இல்லை. இத்தகைய கதைகளுக்கெல்லாம் ஒரு முன்னோடி என்று சொல்லத்தக்க நாவலை 1963-இல் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஃபௌல்ஸ் எழுதினார். ‘தி கலெக்டர்’ என்பது அதன் பெயர். பட்டாம்பூச்சிகளைச் சேகரிக்கும் ஒரு குமாஸ்தா, பந்தயத்தில் பெரும் பணம் கிடைத்ததும், மிராண்டா என்ற சித்திரக்கலை மாணவியைக் கடத்தி நிலவறையில் அடைக்கிறான். முதற்பகுதி அவன் வாய்மொழியாகவே நடக்கிறது; வேளாவேளைக்கு உணவு தந்தேன், கேட்ட புத்தகமெல்லாம் வாங்கித் தந்தேன், மரியாதையாகவே நடந்துகொண்டேன் என்று அவன் சொல்லிக்கொண்டு போகையில் வாசகனும் சற்றே இளகிவிடுகிறான். பிறகு அதே நாட்கள் மிராண்டாவின் நாட்குறிப்பாக மறுபடியும் வருகின்றன. அவன் தயை என்று எண்ணிய ஒவ்வொன்றும் அவளுக்கு எத்தகைய சித்திரவதையாக இருந்தது என்பதை அப்போதுதான் நாம் அறிகிறோம். நம் படங்கள் முதற்பகுதியை எடுத்துக்கொண்டன, நாட்குறிப்பை விட்டுவிட்டன.

நாட்குறிப்பைத் தேடி இங்கிலாந்துக்குப் போகவும் வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தைப் பித்துக்கும் சிறைக்கும் உரிய கதையாக நாம் படிப்பதில்லை. பசிப்பிணி தீர்த்த பாத்திரத்தின் கதையாகவே பள்ளியில் படித்து முடித்துவிடுகிறோம். ஆனால் அதன் நடுப்பகுதி முழுவதும், வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணை உதயகுமரன் என்னும் சோழ இளவரசன் பூம்புகார் எங்கும் விடாமல் தொடர்வதைப் பற்றியது. உவவனம் என்னும் சோலையின் பளிங்கு அறைக்குள் அவள் ஒளிகிறாள், அங்கும் வருகிறான். காயசண்டிகை என்னும் வேறொருத்தியின் வடிவத்தையே மேற்கொள்கிறாள். அப்போதும் அவனது சந்தேகமும் மோகமும் விடவில்லை. நள்ளிரவில் உலக அறவி என்னும் பொது அம்பலத்துக்கு அவளைத் தேடி வந்த உதயகுமரன், காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் கையால் வெட்டுண்டு மடிகிறான். இதன்பின் அரசன் என்ன செய்கிறான்? மகனுக்கு நேர்ந்தது தகும் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நீதிமானாக இருந்தும், மணிமேகலையைச் சிறையில் வைக்க ஆணையிடுகிறான். காவியத்தில் அந்தப் பகுதிக்கே ‘சிறைசெய் காதை’ என்று பெயர். அடுத்து, மகனை இழந்த அரசி இராசமாதேவி, பரிவு காட்டுபவள் போல் அவளைத் தன்னிடம் அழைத்துக்கொண்டு, சித்தம் பேதலிக்க மருந்து கொடுக்கிறாள். கற்பை அழிக்க ஆள் அனுப்புகிறாள். நோயாளி என்று சொல்லிப் புழுக்க அறையில் அடைத்து உணவை மறுக்கிறாள். தொடர்ந்தவன் செத்துப்போனான், தொடரப்பட்டவள் அடைபட்டாள். காப்பியத்தை இயற்றிய சாத்தனார் பழித்துரையாக எதையும் சேர்க்காமல் நடந்ததை நடந்தபடி வரிசையாக வைத்திருக்கிறார். அந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை என்பதுதான் நமக்கு வெட்கம்.

உதாரணத்துக்கு, சென்னையை அடுத்த தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, இந்தப் பாதையில் வளர்ந்த ஊர்களின் பெண்களுக்கு அது செய்த உபகாரத்தை அளவிட முடியாது. பல்லாவரத்திலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஒரு சீசன் டிக்கெட்டின் பலத்தில் பெண்கள் கல்லூரிகளுக்கும், சானடோரியத்தை ஒட்டிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கும், மகேந்திரா சிட்டி வேலைகளுக்கும் போய்வரத் தொடங்கினார்கள். ஆனால் ரயிலின் ஒழுங்கே தொடர்கிறவனுக்கும் வசதியாகிவிடுகிறது. அவள் எந்த வண்டிக்கு வருவாள், எந்தப் பெட்டியில் ஏறுவாள், எங்கே இறங்குவாள் என்பதை அறிய அவனுக்கு ஒற்றன் தேவையில்லை. மேம்பாலப் படிக்கட்டின் அடியில் ஒரு வாரம் நின்றால் போதும். 2021 செப்டம்பர் 23 அன்று, தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அருகே, பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு மாணவி, தனக்குத் தெரிந்த இளைஞனாலேயே குத்திக் கொல்லப்பட்டாள். 2022 அக்டோபர் 13 அன்று, பரங்கிமலை நிலையத்தில் வண்டிக்காக நின்ற கல்லூரி மாணவியை, தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தவன் ஓடி வந்த ரயிலின் முன்னே தள்ளினான். அவன்மீது முன்பே புகார் போயிருந்தது, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள் என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதின. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது.

கொலை நடந்தால் செய்தி வருகிறது. கொலைக்கு முந்திய படிகளிலேயே நின்றுவிடுகிற கதைகள் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அவற்றின் போக்கோ வீட்டுக்கு வீடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவன் தினமும் பின்னால் வருகிறான் என்று பெண் வாய் திறந்து சொன்ன அன்றே அவளுடைய மொபைல் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். மறுநாள் முதல் அண்ணனின் பைக்கில்தான் போக்குவரத்து. தெருப்பக்கத்து ஜன்னல் சாத்தப்படும். சீசன் டிக்கெட் முடிந்தால் புதுப்பிக்கப்படுவதில்லை. “கொஞ்ச நாளைக்கு காலேஜுக்குப் போக வேண்டாம்மா, எல்லாம் அடங்கட்டும்” என்று அம்மா சொல்லுவாள். அந்தக் கொஞ்ச நாள் ஒரு செமஸ்டராகும். அதற்குள் அப்பா ஜாதகக் கட்டை வெளியே எடுத்திருப்பார். இவ்வளவும் உள்ளே நடக்கும்போது, தெருமுனை டீக்கடையில் அந்தப் பையன் வழக்கம்போல் உட்கார்ந்திருப்பான். அவனுடைய வேளையும் மாறவில்லை, வழியும் மாறவில்லை.

இதை அறியாத பெண் இல்லை. ஆகவே அவள் கணக்குப் போடுகிறாள்: சொன்னால் படிப்புப் போகும், சொல்லாவிட்டால் இவனை எப்படியாவது சமாளிக்கலாம். அவளது மௌனத்தின் காரணம் இதுதான். நாம் அதை நாணம் என்றோ பயம் என்றோ தவறாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம். தொடர்கிறவன் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிவான். அவன் விடுக்கிற மிரட்டலைக் கவனித்திருக்கிறீர்களா? “உங்க வீட்ல சொல்லிடுவேன்” என்கிறான். குற்றம் செய்கிறவன் வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறான், குற்றத்துக்கு ஆளானவள் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறாள் என்றால், அவளுக்கும் அவள் வீட்டுக்கும் இடையே நம்பிக்கை எவ்வளவு பழுதுபட்டிருக்க வேண்டும்!

பெற்றோரின் அச்சத்தை நான் பரிகசிக்கவில்லை. உயிரே போன பிறகு படிப்பு எதற்கு என்று அவர்கள் கேட்டால், பரங்கிமலையை நினைக்கிற எவருக்கும் பதில் தொண்டையில் சிக்கும். ஆனால் அடைத்து வைப்பதால் ஆபத்து நீங்குகிறதா என்பதே கேள்வி. 1921-இல் பிரான்ஸ் தேசத்து மனநல மருத்துவர் கிளெரம்போ, ஒருவகைக் காதல் பிரமையை விவரித்து எழுதினார்: அதற்கு ஆளானவர், எதிரில் உள்ளவர் தம்மையே காதலிப்பதாக நம்புகிறார், மறுப்பையும் கோபத்தையும் விலகலையும்கூட மறைமுக சம்மதமாகவே படிக்கிறார். தொடர்கிறவர்கள் எல்லாரும் இந்த நோயாளிகள் அல்லர். பெரும்பாலோர் அகங்காரமும் அதிகாரமும் மிகுந்த சாதாரண மனிதர்களே. எனினும் மறுப்பை மறுப்பாக ஏற்காத அந்தப் புத்தி இருவருக்கும் பொது. பெண் திடீரென்று கண்ணில் படாமற் போனால், “அவளுக்கு ஆசைதான், வீட்டார்தான் தடுக்கிறார்கள்” என்று அவன் முடிவு கட்டிக்கொள்ள அதுவே போதும். அவள் வாயால் சொன்ன ‘வேண்டாம்’ அவனை எட்டாமற்போக, கதவின் மௌனத்தை அவன் தன் விருப்பப்படி வியாக்கியானம் செய்துகொள்கிறான்.

அடைபட்டவளிடம் கேட்காமலே அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் கல்வியறிவு மிக்க உலகத்திலும் உண்டு. 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரத்து வங்கி ஒன்றில் நால்வர் ஆறு நாள் பிணைக்கைதிகளாக வைக்கப்பட்டார்கள். அவர்கள் கொள்ளையரிடம் பரிவு காட்டியதாகக் கூறி அந்த மனநிலைக்கு நீல்ஸ் பெஜெரோட் என்ற மருத்துவர் ஒரு பெயர் சூட்ட, ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ உலகப் பிரசித்தமாயிற்று. பிணைக்கைதிகளில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க், அந்த மருத்துவர் தம்மிடம் பேசியதே இல்லை என்றும், போலீஸாரின் அவசரத் தாக்குதலில் உயிர் போய்விடுமோ என்றே தாம் அஞ்சியதாகவும் பின்னாளில் கூறினார். உயிர்பிழைக்க அவர் கையாண்ட உபாயத்தை நோய் என்று எழுதிவிட்டார்கள். நம் படங்களில் சிறைப்பட்டவள் சிறை வைத்தவனிடம் மனம் கனிவதைப் பார்த்துக் கண்கலங்குகிறவர்கள், அது கனிவா உபாயமா என்று ஒரு கணம் நிறுத்தி யோசிப்பது நல்லது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலிக்காரர்களால் உயிரிழந்ததை அடுத்துத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றிற்று. 2002-இல் அது பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடைசெய்யும் சட்டம் என்று பெயர் பெற்றது. பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கிய 354-டி பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013-இல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. நடைமுறைக்கு வந்தபோது, முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை, மறுமுறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. முதல் முறை அப்போது ஜாமீனில் விடத்தக்கதாக இருந்தது. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கென்றே தனிக் காவல் ஆணையரகமும் இருக்கிறது. குறை ஏட்டில் இல்லை. புகாரோடு வந்த தகப்பனிடம் “கேஸ்னு போனா பொண்ணு பேருதான் சார் கெடும்” என்று நயமாகச் சொல்லி, பையனிடம் இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற பழக்கத்தில் இருக்கிறது. வழக்குப் பதிவாகாவிட்டால், இரண்டாம் முறை செய்கிறவனும் சட்டத்தின் கண்ணுக்கு முதல் முறை செய்கிறவன்தான். கடுமையான பிரிவு அவனைத் தொடவே தொடாது.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை. ஒரு பெண் வீட்டில் வந்து சொன்னால், “நாளைக்கு நீ வழக்கம்போல் காலேஜுக்குப் போகிறாய், அவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது பெற்றோரின் முதல் வாக்கியமாக இருக்கட்டும், சில நாள் கூடப் போவதானால் துணையாகப் போகட்டும், காவலாளியாக வேண்டாம். காவல் நிலையம் எழுதி வாங்குவதை நிறுத்தி, வழக்கை எழுதிக்கொள்ளட்டும். படம் எடுப்பவர்கள் அடுத்த முறை ஒருத்தியை அடைத்து வைக்கும்போது, காமிராவையும் அவளோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டட்டும். அப்போது வேறு கதை கிடைக்கும். ஒருத்தியின் உலகத்தைத் தன் ஒருவன் அளவுக்குச் சுருக்குவதே பித்துக்கொண்டவனின் நோக்கம். அவனைத் தடுக்காமல் அவளைத் தடுக்கிற ஒவ்வொரு வீடும், அவன் கடத்திச் சென்று செய்ய எண்ணியதை அவனுக்குச் செலவில்லாமல் செய்து கொடுக்கிறது.