சதவீதம் பாடம் நடத்தாது

மாணவர்களின் எழுத்தைத் திருட்டறியும் மென்பொருளில் போட்டு எடுத்தால் அவர்கள் சொந்தமாக எழுதக் கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. பத்து சதவீதத்துக்குள் வந்தால் நேர்மை, தாண்டினால் திருட்டு. இந்த நம்பிக்கை தவறானது. பிள்ளைகளுக்கு அநியாயம் செய்வது.

டர்னிட்டின், டிரில்பிட் போன்றவை தம் சேமிப்பில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் வரிகளுக்கு வண்ணம் பூசுகின்றன. அது களவா, முறையான மேற்கோளா, வேறு மாதிரி சொல்லவே முடியாத செய்தியா என்பதைப் படிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

விருத்தாசலம் மாணவி ஒருத்தி தன் ஊர்ப் பீங்கானைப் பற்றி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கலவையில் ஏறக்குறைய பாதி களிமண், மீதியில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சரிபாதி. பாடநூல் கணக்கு இது. எத்தனை விதமாகத்தான் எழுதுவாள்? சிவப்பு விழுந்ததும் ‘சூளையில் சுடுதல்’ என்பதை ‘அடுப்பில் வேகவைத்தல்’ என்று மாற்றுவாள். சதவீதம் இறங்கிவிடும். சரியாக இருந்த வாக்கியம் பிழையாகிவிடும். இணையத்தில் ஏறாத பழைய தமிழ்ப் புத்தகத்திலிருந்து பத்துப் பக்கத்தை வரி பிசகாமல் எடுத்தவனோ மாட்டவே மாட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி அப்படியே எழுதி வருவதை மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டே கையெழுத்திடும் துறைகள் உண்டு. அங்கே படித்த பிள்ளையிடம் கடைசி செமஸ்டரில் திடீரென்று நேர்மைக்குச் சான்றிதழ் கேட்பது என்ன நியாயம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளைக் காட்டி வாயடைப்பவர்கள் அவற்றை முழுதாகப் படிக்க வேண்டும். 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து என்ற படிநிலைகள் முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கு உரியவை. அசைன்மென்ட், புராஜெக்ட் அறிக்கை, கட்டுரை, விடைத்தாள் ஆகியவற்றை அந்த விதிமுறைகளே விலக்கிவைத்திருக்கின்றன. ஒவ்வொரு செமஸ்டரும் விழிப்புணர்வு வகுப்பு நடத்தச் சொல்வதும், இளநிலைப் பாடத்திட்டத்திலேயே இதைச் சேர்க்கச் சொல்வதும் அவைதாம். தண்டிக்கும் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, கற்பிக்கும் பகுதியைக் கைவிட்டுவிட்டோம்.

கற்பிப்பதற்கு ஒரு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும். மூலப் பக்கத்தையும் மாணவியின் பக்கத்தையும் அருகருகே வைத்து, எது உன் கருத்து, எது மூலத்தை எழுதியவருடையது, அவர் பெயரை எங்கே சொல்ல வேண்டும் என்று அரைமணி நேரம் பேச வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மை காயும்போது ஏன் விரிசல் விடுகிறது என்று வேலை செய்பவரிடமே கேட்டு எழுதிவரச் சொல்ல வேண்டும். அறுபது பேர் வகுப்பில் இது முடியாது என்பார்கள். அப்படியானால் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிப் போராடுவோம். அதுவரை இளநிலை மாணவர் எவருடைய அசைன்மென்டையும் அந்த மென்பொருளில் ஏற்றக் கூடாது.