ஆசிரியனா, அரியணையா?

கலிலேயோவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், மறைநூலுக்கும் அறிவியலுக்கும் நடந்த போர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். நம்மைச் சாடுவோர் அவ்வாறு கூற, நமக்காகப் பரிந்து பேசுவோர் அதையே மறுத்துக்கொண்டிருக்கின்றனர். இரு சாராரும் மறந்துவிட்ட மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில்.

1616 பிப்ரவரியில், கதிரவன் அசைவற்றது என்னும் கருத்தை உரோமையில் இறையியலறிஞர் குழு ஒன்று ஆய்ந்து தீர்ப்புரைத்தது. அக்கருத்து திருமறைக்கு முரணானது என்று கூறுமுன்பே, அது மெய்யியலில் மடமையானது, பொருந்தாதது என்று அக்குழு எழுதியது. எந்த மெய்யியலில்? ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதென்சில் கற்பிக்கப்பட்ட மெய்யியலில்!

இத்தனைக்கும் அந்நூல்கள் திருச்சபையில் பிறந்தவை அல்ல. 1210-இல் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாரிசில் கற்பிக்க ஆயர்கள் தடை விதித்தனர். 1255-இல் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் அவை கட்டாயப் பாடமாயின. புனித அக்குவினா தோமா அவற்றோடு வாதாடினார், ஏற்பன ஏற்றார், உலகம் தொடக்கமற்றது என்னும் முடிவை ஏற்க மறுத்தார். பின்வந்தோருள் பலர் வாதத்தை விட்டுவிட்டு வணக்கத்தைப் பற்றிக்கொண்டனர்.

இப்பிழை குருக்களுக்கு மட்டும் உரியதன்று. தொலைநோக்கியில் பார்க்க மனமின்றி ஒதுங்கிய கிரெமோனினி, பதுவாப் பல்கலைக்கழகத்து மெய்யியல் பேராசிரியர். விசாரணை மன்றத்தின் ஐயத்துக்கே ஆளானவர். உரோமைக் கல்லூரியின் இயேசு சபைக் கணித அறிஞர்களோ 1611-இல் அக்கருவியின் வழியே கண்டு, வியாழனுக்கு நிலாக்கள் உண்டெனச் சான்று பகர்ந்தனர். ஆயினும், இதைச் சொல்லி நாம் தப்பிவிட இயலாது. கண்டு சான்று பகர்ந்தோரும் இருந்த திருச்சபைதான், 1633-இல் அம்முதியவரை மண்டியிட்டுத் தம் கருத்தைக் கைவிடச் செய்தது.

அரிஸ்டாட்டில் இதை விரும்பியிருப்பாரா? கோழிமுட்டையின் கரு மூன்றாம் நாளில் எவ்வாறுள்ளது, பத்தாம் நாளில் எவ்வாறுள்ளது என்று நோக்கி எழுதியவர் அவர். தம் ஆசான் பிளேட்டோவின் கொள்கையையே மறுக்கத் துணிந்தவர். 1640-இல், பார்வையிழந்த கலிலேயோ தம்மையே அரிஸ்டாட்டிலின் மெய்யான வழியினராகக் கருதி லிச்சேத்திக்கு மடல் வரைந்ததில் வியப்பில்லை.

அக்கால இறையியலாரின் பிழையைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992 அக்டோபர் 31 அன்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அதற்கு 359 ஆண்டுகள் ஆயின. மனிதக் கருத்தொன்றை நம்பிக்கைக்கு அரணாக நிறுத்தினால், அக்கருத்து சரியும் நாளில் நம்பிக்கையே சரிந்ததென உலகம் எண்ணும். இன்று நம் மறையுரைகளிலும் மறைக்கல்வியிலும், இறைவாக்கு எது, நமக்குப் பழகிப்போன கருத்து எது என்று பிரித்தறிகின்றோமா? நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம்.