ஸதகா அல்ல, ஹக்கு

என் கடை லாச்சியின் அடியில் பல வருடங்களாக ஒரு கடதாசி கிடந்தது. 2011இல் எழுதியது. லொறியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கும்போது கட்டு அவிழ்ந்து, வேலணைப் பக்கத்துப் பொடியன் ஒருவனின் வலது கை நசுங்கிவிட்டது. இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. ஆஸ்பத்திரிச் செலவை நானே பார்த்தேன். அதற்கு மேல் கையில் 40,000 ரூபா கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதி, ஒரு சமாதான நீதவான் முன்னால் ஒப்பமும் வாங்கினேன். அவனுடைய உம்மா வயதுத் தாய் என்னைக் கும்பிட்டு, "முதலாளி நல்லா இருக்கவேணும்" என்றார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னொரு நாள் சட்டத்தரணியாக இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "காக்கா, இது சீனி சுத்தத்தான் உதவும்" என்றார்.

அவர் சொன்னதை நம் வியாபாரச் சகோதரர்களுக்கும் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்குப் புதியதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் 1934இல் வந்தது, 19ஆம் இலக்கம். இங்கிலாந்தில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் இதே வகைச் சட்டங்கள் வந்துவிட்டன. வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்தால் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும். முதலாளி பிழை விட்டாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. தொகையை நம் மனம் இரங்கித் தீர்மானிப்பதுமில்லை. மாதச் சம்பளத்தையும் உழைக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்பதையும் வைத்துச் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கிறது. அந்த உரிமையை விட்டுத்தருவதாக வேலையாளிடம் எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று. வேலையாள் இறந்துபோனால் நட்டஈட்டை ஆணையாளரிடம்தான் வைப்பிலிடவேண்டும். மையித்து வீட்டில் குடும்பத்தாரின் கையில் கொடுக்கும் காசு நட்டஈட்டுக் கணக்கில் சேராது. எத்தனை பேர் அப்படிக் கொடுத்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருக்கிறோம்!

"எங்கள் கடையில் நிரந்தர ஆட்களே இல்லை, எல்லாம் நாட்டாமைகள்தான்" என்று கஸ்தூரியார் வீதியில் ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். வாய்ப்பேச்சில் வேலைக்கு வைத்தாலும் அதுவும் ஒப்பந்தம்தான். கொந்தராத்துக்காரர் மூலம் ஆட்களை எடுத்தாலும் வேலை நம் வியாபாரத்துக்கானது என்றால் முதலில் கேட்கப்படுவது நாம்தான். பிறகு கொந்தராத்துக்காரரிடம் நாம் அறவிடலாம். இன்னொருவர், "நான் ஈ.பி.எஃப். 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம் ஒழுங்காகக் கட்டுகிறேனே" என்றார். நல்ல காரியம். ஆனால் அது வேறு, இது வேறு. அந்தப் பணத்தைக் கட்டியதால் நட்டஈட்டுப் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

2005இல் உச்சத் தொகை ஐந்தரை இலட்சம் என்று இருந்தது. 2022இல் செய்த திருத்தத்தில் அது 20 இலட்சமாகியது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பிப் போகும்போதும் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. சாவகச்சேரியிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் ஓடிவரும் பொடியனை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்துசந்தியில் சின்னதாக ஒட்டுவேலைக் கடை வைத்திருப்பவர் 20 இலட்சத்துக்கு எங்கே போவார்? கடையை விற்றாலும் காணாது. நெருப்புக்கும் களவுக்கும் காப்புறுதி எடுக்கும் நாம், அதே கம்பனிகள் தொழிலாளர் நட்டஈட்டுக்கும் காப்புறுதி தருகின்றன என்பதை விசாரிப்பதே இல்லை. தவணைப் பணம் சம்பளத் தொகையைப் பொறுத்தது. சம்பளப் புத்தகத்தில் பாதியைக் குறைத்து எழுதுகிறவர்களுக்கு மட்டும் அங்கேயும் சிக்கல் வரும், அதை அவர்களே அறிவார்கள்.

சட்ட உதவி என்றாலே முதலாளிக்கு எதிரானது என்று நாம் பயப்படுகிறோம். வேலையாள் கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். வசதியற்றவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது, யாழ்ப்பாணத்திலும் அதற்குக் கிளை இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் கோரவேண்டும் என்பதே முக்கியம். அதை வேலையாளுக்கு நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கணக்கு ஆணையாளர் முன்னால் தீர்ந்தால் நமக்கும் தலையிடி முடிந்தது. இல்லாவிட்டால் நாளை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காக வரலாம். அங்கே உச்சத் தொகை கிடையாது.

1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு இந்த மண்ணை விட்டுப் போனவர்கள் நாம். புத்தளத்து முகாம்களில் இருந்துகொண்டு இழந்த கடைக்கும் வீட்டுக்கும் எத்தனை படிவங்கள் நிரப்பினோம், எத்தனை கந்தோர் படி ஏறினோம். எவராவது வந்து ஒரு மூட்டை அரிசியைத் தந்து, "இனி ஒன்றும் கேட்க மாட்டேன் என்று ஒப்பம் வை" என்றிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அந்தப் பொடியனுக்குச் செய்தது அதுதான். ஸதகா கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவனுடைய ஹக்கில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுத் தரும்படி அந்தச் சட்டத்தரணிப் பிள்ளையிடமே கேட்டேன். நான் கொடுத்ததைப் போலப் பல மடங்கு வந்தது. காலம் கடந்துவிட்டதால் சட்டப்படி அவன் இனிக் கேட்பது கடினம் என்றும் சொன்னார். ஆனால் என் கணக்குப் புத்தகத்தில் அது கடனாகத்தான் நிற்கிறது. அவன் இப்போது இடது கையால் எழுதப் பழகி, சின்னப் பெட்டிக்கடை ஒன்று நடத்துகிறான். மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறேன். முதல் மாதம் காசு போனதும் தொலைபேசியில், "முதலாளி, இது என்னத்துக்கு?" என்று கேட்டான். இன்னும் பதினாலு மாதத் தவணை இருக்கிறது.