பாலுக்கு ஒரு காவல்

விளக்கு எரிகிறது, ஆனால் அழுதுகொண்டு எரிகிறது. மின்விசிறி மயக்கம் வந்தது போல் சுழல்கிறது. ஃப்ரிட்ஜ் 'உம்'மென்று முனகுகிறது. அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் ஃப்ரிட்ஜை அணைப்பீர்கள் அல்லவா? மின்சாரம் அடியோடு நின்றால் மோட்டார் சும்மா இருக்கும்; அரைகுறையாக வந்தால் கருகிவிடக்கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

இதே கவலை பால் பண்ணையிலும் உண்டு. அங்கே பாலை 72 டிகிரி சூட்டில் 15 விநாடியாவது குழாயில் ஓடவிட்டு, பிறகுதான் குளிரவைக்கிறார்கள். சூடு குறைந்தால் ஒரு வால்வு அந்தப் பாலை வந்த வழியே திருப்பிவிட வேண்டும். இந்தக் காலத்தில், திருப்புவதா வேண்டாமா என்று கட்டளையிடுவது பெரும்பாலும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிதான்.

230 வோல்ட்டை அந்தப் பெட்டியின் மூளை தாங்காது. அதை 24 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, பிறகு 5 வோல்ட்டுக்கும் அதற்குக் கீழேயும் இறக்கிக் கொடுக்கிறார்கள். இடையே மின்தேக்கிகள் இருக்கின்றன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். வெளியே வரவு நின்றாலும் கொஞ்சம் தாங்கும். எவ்வளவு நேரம் என்கிறீர்களா? சாதாரணமாக விநாடியில் 50-ல் ஒரு பங்கு! கண் சிமிட்டக்கூடப் போதாது.

அப்புறம் 5 வோல்ட் சரியத் தொடங்குகிறது. விபரீதம் இங்கேதான். மூளை உடனே நின்றுவிடாது. தூக்கக் கலக்கத்தில் பால் கணக்கு எழுதுகிறவரைப் போல, 68 டிகிரியை 72 என்று எடுத்துக்கொண்டு, "போகட்டும்" என்று வால்வுக்குச் சொன்னாலும் சொல்லிவிடும்!

அதனால்தான் பக்கத்திலேயே ஒரு காவல்காரச் சில்லை வைத்திருக்கிறார்கள். தன்னிடமுள்ள அசையாத ஓர் அளவோடு வோல்ட்டை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. 5 வோல்ட், உதாரணமாக, 4.65-க்கு இறங்கியதோ இல்லையோ, மூளையின் வாயைப் பொத்திவிடும். கட்டளைகள் எல்லாம் அறுந்துபோகும். வால்வு? அதை ஸ்பிரிங் தானாகவே திருப்பும் பக்கம் தள்ளிவிடும். பால் வந்த வழியே போகும். இந்த ஸ்பிரிங்கை யோசித்தவருக்கு ஒரு டம்ளர் காப்பி தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு காவல் முன்வாசலில் நிற்கிறது. வெளி மின்சாரம் தளரும்போதே அது குரல் கொடுத்துவிடும். தொட்டி வற்றுவதற்குள் மூளை முக்கியக் கணக்குகளை அழியாத நினைவில் எழுதிக்கொள்கிறது.

மின்சாரம் திரும்பியதும் உடனே வேலை தொடங்குமா? தொடங்காது. வோல்ட் நிலைத்த பிறகும் ஏறக்குறைய 200 மில்லி விநாடி பொறுத்துத்தான் காவல்காரர் கையை எடுப்பார். "ஃப்ரிட்ஜை உடனே போடாதே, ஐந்து நிமிஷம் போகட்டும்" என்று என் அத்தை அதட்டுவாள். காரணம் வேறு என்றாலும் ஜாக்கிரதை ஒன்றுதான்.

காவல் எல்லையை 5 வோல்ட்டுக்கு மிக ஒட்டி வைத்தால் தொட்டதற்கெல்லாம் பண்ணை நிற்கும், மானேஜர் கத்துவார். தள்ளி வைத்தால் காவலே வீண். திட்டு வாங்கிக்கொண்டாவது சற்றுக் கண்டிப்பாக வைக்கிற எஞ்சினீயர் பக்கம்தான் நான். எங்கள் வீட்டுக் குழந்தையும் பாக்கெட் பால்தான் குடிக்கிறது.