ஆஃபர் வந்தது, சீட் வரவில்லை

பிரிட்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும், வீட்டில் கேசரி கிண்டிவிடுகிறார்கள். ‘பையனுக்கு லண்டன்ல சீட் கெடச்சிருச்சு’ என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போகிறது. அந்தப் பல்கலைக்கழகம் லண்டனிலிருந்து இருநூறு மைல் தள்ளி இருக்கும், அது போகட்டும். சீட்டே இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். வந்திருப்பது கண்டிஷனல் ஆஃபர். இன்னின்னதை இந்தத் தேதிக்குள் காட்டினால் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறது கடிதம். அந்தக் ‘காட்டினால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

எடுத்துச் சொன்னால், “நிபந்தனையெல்லாம் சும்மா பேருக்குப் போடுறது சார். அவங்களுக்கு வேண்டியது நம்ம காசு” என்று பதில் வருகிறது. போன வருடம் போன சீனியர் சொல்கிறார், கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார், அப்பாவும் நம்பிவிடுகிறார். இதில் பாதி உண்மை இருக்கிறது. உள்நாட்டு மாணவரைவிட வெளிநாட்டு மாணவர் அதிகக் கட்டணம் கட்டுகிறார். பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஏஜென்டுக்குக் கமிஷனும் உண்டு.

ஆனால் மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கப் பிரிட்டிஷ் அரசிடம் பல்கலைக்கழகம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அது கூப்பிட்ட மாணவர்களில் பத்தில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டாலே அந்த உரிமம் ஆட்டம் காணும் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த விதி. 2025 மே மாதம் வந்த குடியேற்ற வெள்ளை அறிக்கை இந்த வரம்பை இன்னும் இறுக்கப்போவதாக அறிவித்தது. வெறும் மிரட்டல் என்று நினைப்பவர்கள் 2012 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கட்டும். லண்டன் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தின் உரிமம் அப்போது பறிக்கப்பட்டது. வகுப்பு தொடங்கச் சில வாரங்களே இருந்தன. 2,000-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். பலருடைய ஆங்கிலத் தகுதிக்குச் சரியான சான்று இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதற்குப் பிறகும், ‘ஐஇஎல்டிஎஸ்ஸில் அரை பேண்ட் குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள்’ என்று சொல்லும் ஏஜென்ட், இழப்பதற்குத் தன்னிடம் ஒன்றும் இல்லாததால் சொல்கிறார்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கடிதத்தை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிப்பவர், கிடைத்த ஆஃபர்களில் ஒன்றை முதல் தேர்வாக வைத்துக்கொள்கிறார். மதிப்பெண் தவறினால் இருக்கட்டும் என்று, நிபந்தனை குறைவான இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்கிறார். அதற்குப் பெயரே ‘இன்ஷ்யூரன்ஸ்’. முதுநிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் நம் பிள்ளைக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவர்தான் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

நிபந்தனை பேருக்குத்தான் என்ற நம்பிக்கை தின்பது பணத்தை மட்டுமல்ல, நாட்களையும்தான். கடைசி செமஸ்டர் முடிவு வர வேண்டும். புரொவிஷனல் சர்டிஃபிகேட் கைக்கு வர வேண்டும். மொழித் தேர்வில் மொத்தமும் தனித்தனித் திறனும் கேட்ட அளவு இருக்க வேண்டும். டெபாசிட் போக வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் பல்கலைக்கழகம் ‘காஸ்’ என்ற சேர்க்கை உறுதிச் சான்றைத் தருகிறது. விசாவுக்குச் சேமிப்பைக் காட்டுவதானால் அந்தப் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. சீட் உறுதி என்று ஜூலை வரை சும்மா இருந்தவருக்குச் செப்டம்பர் எப்படிப் போதும்?

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நிபந்தனையைப் பேருக்கு என்று நினைத்தவர், அது தவறிப்போகும்போது வாய் திறப்பதில்லை. திறந்தால் வழி இருக்கும். சேர்க்கை அலுவலகத்துக்கு நேரடியாக எழுதலாம். வகுப்புக்கு முன் நடக்கும் ஆங்கிலப் பயிற்சியில் சேர முடியுமா என்று கேட்கலாம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது; கிடைக்கும் இடத்திலும் கடைசித் தேதி உண்டு. ஒரு அரியரை மறைத்துவைத்து ஆகஸ்டில் சொல்பவரைவிட, மே மாதமே சொல்பவருக்குக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

கேசரி கிண்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கே நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே தேதியைப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நிபந்தனை தவறினால் டெபாசிட் திரும்புமா என்பதை ஏஜென்டிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விண்ணப்பம் கேட்பது ஆஃபர் கடிதத்தை அல்ல, காஸ் எண்ணை.